ஒசூர் டாக்கோவும் தர்மபுரிக் களியும்

சனிக்கிழமை இரவு ஒசூரில் ஒரு மெக்சிகன் உணவகம். மறுநாள் மதியம் தர்மபுரியில் ஒரு களிக்கடை. முன்னதில் இருவருக்கு 900 ரூபாய், பின்னதில் 140.

டாக்கோ என்பது மக்காச்சோள ரொட்டியை மடித்து உள்ளே கறியோ காயோ வைத்துத் தரும் மெக்சிகோ உணவு. அதன் உயிர் ரொட்டியில் இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி அரைத்துத் தட்டுவார்கள். மாவு ஒட்டிக்கொள்ளும், மணம் ஏறும். எனக்கு வந்ததோ பாக்கெட்டில் அடைத்த, ஓடு போல விறைத்த ரொட்டி. கடித்ததும் நொறுங்கி மடியில் கொட்டியது. சல்சா (மெக்சிகோவின் தக்காளிச் சட்னி) என்ற பெயரில் பாட்டில் தக்காளி சாஸ்! ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தை பக்கத்திலேயே இருக்கும்போது இதை மன்னிக்கவே முடியவில்லை.

களி அப்போதுதான் கிண்டியது. ஆவி பறக்கும் கேழ்வரகு உருண்டை, கொள்ளுக் கடைசல், சின்ன வெங்காயம். உப்பு சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

மெக்சிகோ சமையல்மேல் ஆசை போகவில்லை. மக்காச்சோளம் வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன்.