மல்லி விலையும் மணிக்கட்டு பேண்டும்

கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்வது என் தொழில். வீடு வில்லிவாக்கம், வாரத்தில் நாலு நாள் விடியுமுன்னே கோயம்பேடு பூ மார்க்கெட்டில் நிற்பேன். "டென்ஷன் ஆகாதீங்கப்பா" என்று மகள் 3,200 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் பேண்ட் வாங்கிக் கட்டிவிட்டாள். நடை, தூக்கம், இதயத்துடிப்பு, அப்புறம் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு 'ஸ்ட்ரெஸ்' எண். மூன்று மாதம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள். மல்லி கிலோ 1,200, எனக்கு இருபது கிலோ தேவை. "திண்டுக்கல் வண்டி வருமான்னே தெரியலண்ணே, இப்பவே எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். வண்டி வந்தால் விலை இறங்கும். வராவிட்டால் இதுவும் கிடைக்காது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, உள்ளங்கை பிசுபிசுக்கிறது. பேண்டைப் பார்த்தேன்: 31, பச்சை நிறம், 'ரிலாக்ஸ்டு'. சரி என்று பாதி மட்டும் வாங்கினேன். முக்கால் மணி கழித்து மூட்டையை ஆட்டோவில் ஏற்றும்போது மணிக்கட்டு அதிர்ந்தது: 84, மூச்சை இழுத்து விடச் சொல்கிறது!

மகள் சைக்காலஜி படிக்கிறாள், விளக்கினாள். அடியில் இருக்கும் பச்சை விளக்கின் ஒளியை ரத்தம் உறிஞ்சும். அதை வைத்துத் துடிப்பையும் துடிப்புக்கு நடுவிலான இடைவெளியையும் கணக்கிடுகிறது. மூட்டை தூக்கினாலும் இரண்டு காபி குடித்தாலும் அதற்கு ஸ்ட்ரெஸ்தான். வியர்வையை அது பார்ப்பதே இல்லை.

வியர்வையில்தான் சங்கதியே இருக்கிறதாம். அமெரிக்காவின் அயோவாவில் பெச்சாரா, டமாசியோ குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னாள். நான்கு சீட்டுக்கட்டு. இரண்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர், ஆனால் நடுநடுவே பெரிய அடி, அவைதான் கெட்ட கட்டு. மற்ற இரண்டில் 50 டாலர்தான், அடியும் சின்னது. பத்துச் சீட்டு வாக்கிலேயே, கெட்ட கட்டுப் பக்கம் கை போகுமுன் தோலில் வியர்வை கூடியது. 'இது சரியில்லை போலிருக்கே' என்று வாயால் சொன்னது ஐம்பதாவது சீட்டு வாக்கில். மூளையின் முன்பகுதியில், கண்ணுக்கு மேலே அடிப்புறம் பழுதானவர்களுக்கு அந்த வியர்வை வரவில்லை. கெட்ட கட்டிலேயே எடுத்துத் தோற்றார்கள். ஆட்டக்காரர்களுக்கு மனசுக்குள் முன்பே தெரிந்திருந்தது, கேள்வி கேட்ட விதம்தான் போதவில்லை என்று 2004-ல் மறுப்பும் வந்ததாம். அதையும் அவளே சொன்னாள்.

அப்படியானால் வயிறு சொல்வதைக் கேட்டால் போதுமே என்று எனக்கும் தோன்றியது. முகூர்த்தத்தன்று திண்டுக்கல் வண்டி வந்தது, மீதிப் பூவை 850-க்கு எடுத்தேன். அடுத்த வாரமும் அதே புளி கரைந்தது, காத்திருந்தேன். மல்லி 1,600-க்கு ஏறிவிட்டது. அயோவாவில் கெட்ட கட்டு கடைசிவரை கெட்ட கட்டுதான், உடம்பு பழகிக்கொள்ள முடியும். கோயம்பேட்டில் தினமும் கட்டைக் கலைத்துப் போடுகிறார்கள்.

பேட்டரி ஒன்பது நாள் நிற்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தூக்கக் கணக்கும் பரவாயில்லை. பட்டைக்கு அடியில் ஈரம் தங்கி அரிக்கிறது. சென்னைப் புழுக்கத்துக்கு ரப்பர் பட்டை எதற்கு என்று யாராவது யோசித்திருக்கலாம். ஐந்துக்கு இரண்டரை. இப்போது என் மனைவி மாலை நடைக்குக் கட்டிக்கொண்டு போகிறாள். ஸ்ட்ரெஸ் எண்ணை மகளிடம் சொல்லி அணைத்துவிட்டாள்.