கவிழ்ந்த லேசரை நிமிர்த்த: ஏறிக் கடப்பதா, சுற்றி நீந்துவதா?

லேசர் (இப்போதைய பெயர் இல்கா) ஒருவர் ஓட்டும் சிறிய பாய்ப்படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர், படகின் உடல் மட்டும் 59 கிலோ. நம்ம சென்னை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியதும் இதே உடல்தான், பாய் மட்டும் கொஞ்சம் சிறியது. காற்று வலுத்தால் இது கவிழத்தான் செய்யும். நிமிர்த்தும் விதத்தில்தான் இரண்டு கட்சி.

முதலாவது, நனையாத வழி. படகு சாயும்போதே மேலெழும் விளிம்பைக் கடந்து, அடியில் நீட்டியிருக்கும் டேகர்போர்டு என்ற பலகையில் கால் வைத்து, விளிம்பைப் பிடித்தபடி பின்னால் சாய வேண்டும். பாய் தண்ணீரை விட்டு எழும்போது அப்படியே உள்ளே ஏறிவிடலாம். பந்தயத்தில் இதற்கு ஈடே இல்லை. ஆனால் அந்த முதல் ஓரிரு நொடி தவறிவிட்டால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் கிடக்கும் படகின் மேல் விளிம்பில் தொங்கினால், நம் எடையே அதை முழுக்கத் தலைகீழாக்கிவிடும். ஆழம் குறைவான இடமென்றால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நிற்கும்.

அப்போது இரண்டாவது வழி: தண்ணீரில் இறங்கி, பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் மெயின்ஷீட் கயிற்றைப் பிடித்தபடி பின்புறமாகச் சுற்றி டேகர்போர்டுக்குப் போவது. படகை விட்டு விலகவே கூடாது. காற்று தள்ளும் லேசரை நீந்திப் பிடிப்பது நடக்காத காரியம். நேரமும் தெம்பும் அதிகம் செலவாகும், நிஜம். ஆனால் தலைகீழான படகுக்கும் இதே வழிதான்: விளிம்பில் நின்று, மேலே துருத்தும் போர்டைப் பிடித்துச் சாயுங்கள், மெதுவாகத் திரும்பும். போர்டின் நுனியில் நின்றால் நெம்புவிசை கூடும், ஒல்லியானவர்களுக்கு அதுதான் உதவும். கனமானவர்கள் படகின் உடலை ஒட்டியே நிற்கட்டும், போர்டு உடையலாம்.

எந்த வழியானாலும் மெயின்ஷீட்டையும், பூமை (பாயின் அடித்தண்டை) கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் கயிற்றையும் முதலில் தளர்த்துங்கள். பாய்மரம் காற்று வரும் பக்கம் கிடந்தால்தான் தலைவலி. பாய் எழுந்ததுமே காற்று அடியில் புகுந்து, படகை நம் தலைமேலேயே புரட்டும். தாமதித்தால் மறுபக்கம் கவிழ்ந்த படகுகூட இந்த நிலைக்குத் திரும்பிவிடும். அப்படிப் புரளும்போது போர்டை விடாமல் கட்டிக்கொண்டு கூடவே முங்கி எழுந்தால், சரியான பக்கத்தில் இருப்போம். பயமாகத்தான் இருக்கும், வேலை செய்யும்.

என் ஓட்டு, பழகுபவர்களுக்கு முதலில் நீச்சல் வழி. நனையாத வழியை இளங்காற்றில் அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

420 போல இருவர் படகில் இரண்டுமே இரண்டாம்பட்சம். ஒருவர் போர்டில் ஏறி ஜிப் (முன்பாய்) கயிற்றை இழுக்க, மற்றவர் உள்ளே கால் மாட்டும் பட்டையைப் பிடித்து மிதந்தால், படகு நிமிரும்போது அவரையும் அள்ளிக்கொண்டே எழும். உள்ளே ஒருவர் எடை இருப்பதால் மறுபடி கவிழ்வதும் குறைவு. ஜிப் கயிறு கிளீட்டில் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடியில்) மாட்டிக் கிடந்தால் மட்டும், நிமிர்ந்த வேகத்தில் அடுத்த பக்கம் சாயும்.