ஈகிளின் கட்டளை வரியோடு பன்னிரண்டு ஆண்டுகள்

மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்கும் ஈகிள் மென்பொருளில் ஸ்கீமேட்டிக் (சுற்று வரைபடம்) வரையத் தொடங்கி எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள், திரையின் மேற்பகுதியில் கட்டளைகளை எழுதுவதற்காக இருக்கும் அந்த ஒற்றை வரிப் பெட்டியை நான் தொட்டதே இல்லை. ஐகான்களைச் சொடுக்கியும் மவுஸால் இழுத்தும் எல்லா வேலையும் நடந்துகொண்டிருந்ததால், அங்கே எதையாவது தட்டச்சு செய்ய வேண்டும் என்ற தேவையே எழவில்லை. ஐகானைச் சொடுக்கினாலும் மெனுவில் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே ஓடுவது அதே எழுத்துக் கட்டளைதான் என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

அதை எனக்குக் கற்றுத் தந்தது பதினாறு உள்ளீடுகள் கொண்ட ஒரு போர்டு (மின்சுற்றுப் பலகை). ஒவ்வோர் உள்ளீட்டிலும் 24 வோல்ட் வந்து ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்இடி, ஒளி வழியே சமிக்ஞையைக் கடத்தும் ஒரு ஆப்டோகப்ளர் ஆகியவற்றின் வழியே செல்லும். ஒரே சுற்று பதினாறு முறை. முதல் மூன்றை மவுஸால் நகலெடுத்துப் பெயர்களைத் திருத்தி முடித்தபோதே கை சலித்துவிட்டது. நான்காவதைத் தொடங்காமல், முதல் சுற்றை வார்த்தைகளாக எழுதிப் பார்த்தேன்: எந்தப் பாகம், என்ன பெயர், எந்த இடம், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு நெட் (பாகங்களை இணைக்கும் கோடு). பிறகு எக்செல் தாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் செங்குத்து அளவை 1.2 அங்குலம் கூட்டிக்கொண்டே போய், கிடைத்த வரிகளை கட்டளைகளை வரிசையாக வைக்கும் ஓர் எஸ்சிஆர் கோப்பில் ஒட்டி, ‘ஸ்கிரிப்ட்’ கட்டளையால் ஓட்டினேன். கண்ணெதிரே பாகங்கள் வரிசையாக வந்து அமர்ந்தன.

நேரம் மிச்சமானதைவிடப் பெரிய பலன் சில மாதங்கள் கழித்துத் தெரிந்தது. பதினாறு உள்ளீடுகளும் ஒரே நேரத்தில் இயங்கும்போது ரெசிஸ்டர் ஒவ்வொன்றும் சுமார் 0.2 வாட் வெப்பத்தை வெளியிட்டதால், போர்டின் அந்தப் பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. 3.3 கிலோ ஓமுக்கு மாற்றினால் அது சுமார் 0.13 வாட்டாகக் குறையும், ஆப்டோகப்ளருக்கும் போதிய மின்னோட்டம் கிடைக்கும். ‘வேல்யூ’ என்று எழுதி, பாகத்தின் பெயரையும் புதிய மதிப்பையும் அடுத்தடுத்துத் தந்த ஒரே வரியில் பதினாறும் மாறின. எதை மாற்றினேன் என்பதும் அந்த வரியாகவே என் குறிப்பேட்டில் நின்றது. மவுஸால் செய்த மாற்றத்துக்கு இப்படி ஒரு சான்று மிஞ்சுவதில்லை.

ஆனால் ஸ்கிரிப்டை நம்பி ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். ஸ்கீமேட்டிக் குறியீடுகளின் பின்கள் (இணைப்பு முனைகள்) 0.1 அங்குல, அதாவது 2.54 மில்லிமீட்டர் கட்டத்தில் அமைந்திருப்பது வழக்கம். ஒரு வரைபடத்தில் கிரிட் என்னும் அந்தக் கட்ட அளவு 2.5 மில்லிமீட்டருக்கு மாறியிருந்ததைக் கவனிக்காமல், இரண்டு ஆப்டோகப்ளர்களை மவுஸால் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, அங்குல அளவில் எழுதிய நெட் ஸ்கிரிப்டை ஓட்டினேன். கட்டளையில் எண்ணாகத் தரும் புள்ளியை மென்பொருள் கிரிட்டுக்கு இழுத்துக்கொள்வதில்லை. சொன்ன இடத்தில் அப்படியே வைக்கும். கோடு பின்னின் நுனியைத் தொடுவதுபோலவே திரையில் தெரிந்தது. உண்மையில் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவான இடைவெளி இருந்தது. மின் இணைப்புப் பிழைகளைத் தேடும் ஈஆர்சி சோதனை எச்சரித்திருந்தது, ஆனால் அந்த எச்சரிக்கை நான் வழக்கமாகப் புறக்கணிக்கும் இருபது முப்பது வரிகளுக்கு நடுவே கிடந்தது. செய்து வந்த ஐந்து போர்டுகளிலும் இரண்டு உள்ளீடுகள் வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியைப் பற்றவைத்துத்தான் சரிசெய்தேன்.

அன்றிலிருந்து என் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் ‘கிரிட் இன்ச் 0.1’ என்ற வரியில் தொடங்கி ‘கிரிட் லாஸ்ட்’ என்ற வரியில் முடிகிறது. ‘ஆம்’ என்ற பதிலைத் தானாகவே தந்துவிடும் ‘செட் கன்ஃபர்ம் யெஸ்’ கட்டளையையும் தேவைப்படும் ஒரு வரிக்கு மேலே மட்டும் வைத்து, அடுத்த வரியிலேயே அணைத்துவிடுகிறேன். கூடவே ஈகிளின் நிரல் மொழியான யுஎல்பியில் எழுதக் கற்றுக்கொண்டேன். சி மொழி தெரிந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது: வரைபடத்தின் எல்லா நெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதில் எத்தனை பின்கள் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணி, இரண்டுக்குக் குறைவானவற்றின் பெயர்களை மட்டும் பட்டியலிடும் நிரல் முப்பது வரிக்குள் முடிந்துவிட்டது. போர்டு செய்யக் கொடுக்கும் முன் இதை ஓட்டாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. யுஎல்பியின் இன்னொரு வசதியும் எனக்கு மிகப் பிடித்தது. அது வரைபடத்தைப் படித்து, தேவையான கட்டளைகளைத் தானே தொகுத்து, முடியும்போது எடிட்டரிடம் ஒப்படைத்துவிடும். அதனால் எக்செல் தாளின் தேவையே எனக்கு இல்லாமல் போனது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டியது ‘ஈகிள்’ என்ற பெயரிலேயே இருக்கும் தொடக்க ஸ்கிரிப்ட். ஸ்கீமேட்டிக், போர்டு, லைப்ரரி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் அதில் உண்டு. அடிக்கடி செய்யும் வேலைகளை ‘அசைன்’ கட்டளையால் எஃப் விசைகளில் பொருத்திவிட்டால், அன்றாட வேலையே வேறு மாதிரி ஆகிவிடும்.

2016-இல் ஈகிளை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூன் 7-உடன் தனி மென்பொருளாக அதை நிறுத்துவதாக அறிவித்தது எனக்கு வருத்தமான செய்திதான். அந்நிறுவனத்தின் ஃப்யூஷன் மென்பொருளின் மின்னணுப் பகுதியில் கட்டளை வரியும் யுஎல்பியும் தொடர்கின்றன என்றாலும், புதிய வேலைகளுக்கு நான் கைகேட் என்ற வேறொரு சுற்று வடிவமைப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஈகிள் கோப்புகளை அது திறக்கிறது. 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் வெளியிலிருந்து இயக்கும் ஒரு கட்டளைக் கருவியும் அதனுடன் வருகிறது. பிடிஎஃப்பும் நெட்டுகளின் பட்டியலான நெட்லிஸ்ட்டும் அதன் வழியாகவே எடுக்கிறேன். ஆனால் வரைந்துகொண்டிருக்கும்போதே ஒரு வரியை எழுதிப் பாகத்தை நகர்த்தும் வசதி அதன் ஸ்கீமேட்டிக் எடிட்டரில் இல்லை. வேலைக்கு நடுவே என் விரல்கள் இன்னும் அந்தப் பெட்டியைத் தேடுகின்றன. 6-ஆம் பதிப்பு முதல் ஈகிள் கோப்புகள் எக்ஸ்எம்எல்லாக, எந்த எடிட்டரிலும் படிக்கக்கூடிய எழுத்தாக இருப்பதால், பழைய போர்டுகளின் நெட்டுகளை எண்ணும் அந்த நிரலை இப்போது பைத்தானில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.