நெஞ்சை மறுபடி திறப்பதா, காலால் குழாய் விடுவதா?

அம்மாவின் இதயத்தில் வைத்த செயற்கை வால்வில் ஒரு பழுதும் இல்லை. கதவு சரி, நிலைக்கும் சுவருக்கும் நடுவில்தான் இடைவெளி. வால்வைப் பொருத்திய இடத்தில் தையல் விட்டு, அந்த இடுக்கால் இரத்தம் பின்னுக்குப் பாய்ந்தது. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு கிளினிக்குக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. சிறுநீர் வெறும் தேத்தண்ணி நிறத்தில் போனது. இடுக்கால் பீறிடும் வேகத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால் அப்படித்தான் போகுமாம்.

நெஞ்சைத் திறந்து திரும்பத் தைக்கலாம், இல்லாவிட்டால் வால்வை மாற்றலாம். அல்லது தொடை நாளத்தால் குழாய் விட்டு அடைக்கலாம். எதைச் செய்தாலும் இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வோபரின் குளிசையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். இரத்தச் சோதனையும் தொடரும். செலவு, கொழும்பு அலைச்சல் எல்லாம் தெரிந்த கதை.

எங்களுக்கு முடிவைச் சொன்னது பழைய தழும்பு. ஒருமுறை திறந்த நெஞ்சுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதயமே நெஞ்செலும்பின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கலாம். இரண்டாம் தரம் எலும்பை அறுக்கும்போது அது கிழிபடவும் கூடும். ஒட்டியதையெல்லாம் மெதுவாகப் பிரித்த பிறகுதான் வால்வுக்கே போக முடியும். அம்மாவுக்கு 71 வயது, சிறுநீரகமும் மந்தம். "இன்னொருக்கா வெட்ட விடமாட்டன் மனே" என்று அவரும் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு மாற்றியது மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ளது என்பதால், தொடையால் ஏறிய குழாய் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போனது. உணவுக்குழாய்க்குள் விட்ட எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்) முப்பரிமாணத்தில் ஓட்டையைக் காட்ட, நிக்கல்-டைட்டானியம் கம்பி வலையில் செய்த செருகிகள் இரண்டை வைத்தார்கள். நாலாம் நாள் வீடு.

அதற்காக எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். வால்வில் கிருமித் தொற்று இருந்தாலோ, வால்வே கழன்று ஆடினாலோ செருகி சரிவராது. மறு ஒப்பரேஷனைத் தாங்கக்கூடிய உடம்பென்றால், 2020இல் வந்த அமெரிக்க இதய வால்வு வழிகாட்டியும் கத்தியைத்தான் முதலில் சொல்கிறது. அப்புறம், செருகி முழுதாக அடைக்கும் என்றும் இல்லை. மிஞ்சும் சிறு இடுக்கு சிலருக்கு இரத்தத்தை முன்னையை விட மோசமாக உடைக்கும். அம்மாவுக்கும் கொஞ்சம் கசிவு மிச்சம். மூச்சு நல்லம், ஹீமோகுளோபின்தான் ஆமை வேகத்தில் ஏறுகிறது. என்னிடம் இருப்பது எட்டு மாத அனுபவம், பத்து வருடத்துக்கு நான் பிணை நிற்க முடியாது.

இப்போதும் காலையில் "நிறம் என்ன மாதிரி?" என்று கேட்காமல் வேலைக்கு இறங்குவதில்லை.