ஆண்டுக்கு முப்பது புள்ளிகள்: ஏழு ஆண்டுகளில் எனக்குப் பயன்பட்டவை

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பதிவுபெற்ற உளவள ஆலோசகராக ஏழு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டேன். தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் விதிப்படி ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள் (பணியில் இருந்துகொண்டே வகுப்பு, பயிற்சிகளில் கலந்து பெறுபவை) சேர்க்க வேண்டும். அவற்றில் 5 அறநெறி, மனித உரிமை, மருத்துவச் சட்டம் சார்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரு புள்ளியின் ஆயுள் 24 மாதங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் மலிவான இணையவழி வகுப்புகளிலேயே கழிந்தன. கேட்டேன், வினாத்தாளை நிரப்பினேன், மறுவாரமே மறந்தேன். ஒரு நிறுவனம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழை நான்கு மாதம் இழுத்தடித்தது. புள்ளிகளைச் சரிபார்க்கும் மன்றத்தின் தணிக்கைக்கு என் பெயர் வந்திருந்தால் கையில் ஆதாரமே இருந்திருக்காது.

சுமை என்று நினைத்த அந்த 5 அறநெறிப் புள்ளிகள்தான் முதலில் கை கொடுத்தன. எங்கள் வட்டம் சிறியது. தைப்பூசக் காவடி பார்க்கப் போனால், செவ்வாயன்று என் அறையில் அழுதவர் பக்கத்து வரிசையில் குடும்பத்தோடு நிற்பார். ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டதை இன்றும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: "வெளியே பார்த்தால் நானாக வணக்கம் சொல்லமாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன்." கேட்பவர்களின் முகத்தில் தெரியும் நிம்மதிக்காகவே அந்தக் கட்டணம் தகும்.

துயரம் பற்றிய பயிற்சி என்னை அதிகம் உலுக்கியது. ஒருவரை இழந்த துயரம் ஆறாமல் நோயாக நீள்வதை நீடித்த துயரக் கோளாறு என்கிறார்கள். அதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. எங்கள் வீடுகளிலோ பதினாறாம் நாள் காரியம் முடிந்தாலும், ஆண்டு திரும்பும்வரை தீபாவளி கிடையாது. கணவர் இறந்த எட்டாம் மாதத்தில் அவரை நினைத்து அழும், என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஓர் அம்மாவை நோயாளி என்பதா என்று கோபத்தோடு கேட்டேன். மாதக்கணக்கு மட்டும் போதாது, துயரம் அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி அன்றாட வாழ்வை முடக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார் பயிற்றுநர். மனம் ஆறிப் போனேன்.

அந்த அம்மாவைப் பற்றி (அடையாளங்களை மாற்றித்தான்) ஆலோசகர்கள் நாங்கள் நால்வர் மாதந்தோறும் கூடிப் பேசும் குழுவில் பேசினேன். "வழக்கம்தானே, ஆண்டு முடியட்டும்" என்றேன். மூத்தவர் ஒருவர் கேட்டார்: "அவர் கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டார்?" எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. அடுத்த அமர்வில் கேட்டேன். அன்றே அவரை மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினேன். நம் வழக்கங்களை மதிப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் மெலிந்துபோனதைப் பார்க்கத் தவறியிருந்தேன்.

புதிதாகப் பதிவுசெய்பவர்கள் மொத்தமாகப் புள்ளி விற்கும் பொதிகளை வாங்க வேண்டாம். உங்களிடம் வருபவரின் சிக்கலை (அடையாளம் மாற்றி) எடுத்துப் பேச இடம் தரும் வகுப்பா என்று முதலில் விசாரியுங்கள். சான்றிதழை அன்றன்றே கோப்பில் சேருங்கள். எங்கள் நால்வர் குழு அங்கீகாரம் பெறாதது, அதற்குப் புள்ளி கிடைக்காது. ஆனாலும் மாதத்தின் முதல் சனிக்கிழமைகளை அந்தக் குழுவுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.