வீல்சேர் பாதைக்கு எந்தத் தரை? பல வருடம் உருட்டிப் பார்த்ததில் தெரிந்தது

என் வீட்டுப் படலிலிருந்து வாசல் வரை போகும் பாதையில் மூன்று வகைத் தரை இருக்கிறது: கான்கிரீட், பேவர் பிளாக், கடைசியில் கொஞ்சம் மரப்பலகை. கையால் உருட்டும் வீல்சேரில் தினமும் இதில்தான் போய் வருகிறேன். பின்னால் இருக்கும் பெரிய சக்கரம் எதன்மேலும் ஏறிவிடும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம்தான் தகராறு பண்ணும். அதனால் தரையை அதன் கணக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் ஓட்டு கான்கிரீட்டுக்குத்தான். ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தைக் குறுக்காக இழுத்துச் சொரசொரப்பாக்கிய தரை, மழையிலும் வழுக்கியதில்லை. இணைப்புக் கோடுகளைக் கரண்டியால் அகலமாக இழுக்க விடாதீர்கள். தரை இறுகியதும் மெஷினால் மெல்லிசாக வெட்டச் சொல்லுங்கள். அகலக் கோடு ஒவ்வொன்றிலும் ஒரு குலுங்கல் நிச்சயம்.

பேவர் பிளாக் பார்க்க அழகு. ஆனால் விளிம்பு சீவிய கல் என்றால் முதுகெலும்பு கல் கல்லாக எண்ணும். விளிம்பு சீவாத கல்லை நெருக்கமாகப் பதித்தால் எவ்வளவோ தேவலை. அடித்தளத்தைச் சரியாகத் திமிசு போடாவிட்டால் ஒரு கல் இறங்கும், பக்கத்துக் கல் நிமிர்ந்து நிற்கும். அமெரிக்காவின் ஏடிஏ (மாற்றுத்திறனாளிகள் சட்டம்) விதிகள், செங்குத்தாக எழும்பும் மேடு கால் அங்குலம்வரைதான் இருக்கலாம் என்கின்றன. அதைத் தாண்டினால் சின்னச் சக்கரம் முட்டி நிற்கும், உடம்பு முன்னால் போகும். ஒரு நல்ல விஷயம், கல்லைப் பெயர்த்து மணல் போட்டு மறுபடி பதித்துக்கொள்ளலாம்.

மரப்பலகையைப் பாதைக்குக் குறுக்காகத்தான் அடிக்க வேண்டும். நீளவாக்கில் அடித்தால் இடுக்கில் சக்கரம் இறங்கிவிடும். இடுக்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நிழலில் பாசி பிடிப்பதுதான் தீராத தொல்லை. தளர்வாகக் கொட்டிய ஜல்லி? பேச்சே வேண்டாம்.

பொருளைவிட என்னைப் படுத்துவது குறுக்கு வாட்டம். தண்ணீர் ஓட வேண்டுமென்று மேஸ்திரிகள் தாராளமாகச் சரித்துவிடுவார்கள். நாற்காலி தாழ்ந்த பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கத்துக் கைதான் முழு பாரமும் தள்ள வேண்டும், சாயங்காலம் தோள் கடுக்கும். 1:48க்கு மேல், அதாவது 48 அங்குலத்துக்கு ஒரு அங்குலச் சரிவுக்கு மேல், வேண்டாம். பார்ப்பதும் சுலபம்: நாலடி ரசமட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே வைத்து, தாழ்ந்த முனைக்கு அடியில் ஒரு அங்குலக் கட்டையைக் கொடுங்கள். குமிழி நடுவில் நின்றால் சரியாக 1:48. இன்னும் தூக்கினால்தான் நடுவுக்கு வருகிறது என்றால் வாட்டம் அதிகம். கலவை இறுகுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

நீளவாக்கில் ஏற்றம் 1:12 வரை போகலாம் என்று விதி இருந்தாலும், தனியாக ஏறுகிறவருக்கு 1:20 தான் மூச்சு வாங்காமல் ஏறக் கூடியது. இடம் இருந்தால் பாதையை நீட்டுங்கள். அகலம் 36 அங்குலம் குறைந்தபட்சம். திரும்பும் இடத்தில் 60 அங்குலம் விட்டால் நிம்மதி.

அப்புறம், அந்த மரப்பலகைப் பகுதியைப் பெயர்த்துவிட்டு அங்கும் கான்கிரீட்டே போடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.