தொய்வும் இரத்தப் பரிசோதனையும்: யாழ்ப்பாணத்தில் கண்டவை

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் பல், கண், சீனி வருத்தம் என்று மருத்துவ வேலைகளையும் சேர்த்தே முடித்துவருவது வழக்கம். இம்முறை நான் அலைந்தது அக்காவின் 12 வயது மகனுடைய தொய்வுக்காக, அதாவது ஆஸ்துமாவுக்காக.

முதலில் போனது நகரத்தில் உள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்கு. இடம் துப்புரவு, இரத்தம் எடுத்தவருடைய கை அவ்வளவு பதமானது, பிள்ளை முகம் சுளிக்கவே இல்லை. அன்று மாலையே அறிக்கையும் கைக்கு வந்தது. அதில் ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஈ (IgE) என்ற புரதத்தின் மொத்த அளவுக்கு நேரே "அதிகம்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் பொருளைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அக்கா அன்றிரவே இறால், நண்டு, கணவாய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். வளர்கிற பிள்ளையின் சாப்பாட்டை ஒரு துண்டுக் கடதாசி பறிப்பதைப் பார்க்க எனக்குக் கோபமே வந்தது.

பிறகு அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனோம். காத்திருப்பு நீண்டது, கட்டணம் இல்லை. வைத்தியர் அறிக்கையைக் கையில் வாங்காமலே கேள்விகளைத் தொடங்கினார். இரவில் இருமுகிறானா? ஓடினால் இழுக்கிறதா? காலையில் வளவு கூட்டிக் குப்பை எரிக்கிறீர்களா? அதன்பின் குழாயில் ஊதச் செய்தார். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்துப் பம் (இன்ஹேலர்) கொடுத்து, கால் மணி நேரம் இருத்தி, மறுபடியும் ஊதச் செய்தார். முதல் விநாடியில் வெளியேறும் காற்று, பிள்ளைகளில், அந்த வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் அது தொய்வுக்கு வலுவான சான்று. இவனுக்குக் கூடியது.

ஐஜிஈ பற்றி அவர் சொன்னதை ஊரில் எல்லாரும் கேட்க வேண்டும். அது உடல் உண்டாக்கும் ஒரு நோயெதிர்ப்புப் புரதம். தோல் கரப்பன், மூக்கு ஒவ்வாமை, குடற்புழு எதிலும் கூடும். தொய்வு உள்ளவருக்கு அது சாதாரண அளவிலும் இருக்கலாம். எந்த உணவு ஒத்துவராது என்பதை மொத்த அளவு ஒருபோதும் சொல்லாது. "அக்கா, இறாலைக் கொடுங்கள். பூச்சிக் குளிசை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?" என்றார். அக்காவிடம் பதில் இல்லை.

அந்த அளவு உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு. வழக்கமான மருந்துக்கு அடங்காத கடும் தொய்வுக்கு ஒமலிசுமாப் என்ற ஊசி உண்டு. ஐஜிஈயையே பிடித்துக் கட்டும் அந்த மருந்தின் அளவை, ஐஜிஈ அளவையும் உடல் நிறையையும் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். தொய்வுக்காக இரத்தத்தில் அளக்கப்படும் பெரியொஸ்ரின் என்ற புரதத்தைப் பற்றியும் கேட்டேன். எலும்பு வளரும்போதும் அது கூடுவதால் பிள்ளைகளில் நம்பமுடியாது என்றார். இயோசினோபில் என்ற ஒருவகை வெண்குருதிக் கலங்கள் வெளிவிடும் ஈசிபி புரதமும் ஆய்வுகளில் நிறைய அளக்கப்பட்டிருந்தாலும் அன்றாடக் கிளினிக்குக்கு வந்து சேரவில்லை. ஆனால் அந்த இயோசினோபில்களின் எண்ணிக்கை சாதாரண முழு இரத்தப் பரிசோதனையிலேயே கிடைத்துவிடுகிறது! ஸ்ரெரொயிட் குளிசை எடுத்தால் அது இறங்கிவிடும் என்பதால், எடுத்த நாளை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

தொடர்ந்து கவனிப்பதற்குக் கொப்பி ஒன்றில் காலையும் மாலையும் ஊதுமானி (மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறான் என்று அளக்கும் சிறு கருவி) அளவைக் குறிக்கச் சொன்னார். தினம் எடுக்கும் ஸ்ரெரொயிட் பம்மை, இழுப்பு இல்லாத நாளிலும் நிறுத்தக் கூடாது. அக்கா அதை இழுப்பு வரும் நாளில் மட்டும் கொடுத்துவந்திருக்கிறார். இத்தனை நாள் அவன் இரவில் இருமியதற்கு இது போதும்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரத்தப் பரிசோதனைக்கென்று அனுப்பும் காசில் முதலில் ஓர் ஊதுமானியும், பம்மில் பொருத்தும் ஸ்பேசர் குடுவையும் வாங்கிக் கொடுங்கள். இரத்தப் பரிசோதனையை வைத்தியர் எழுதித் தந்தால் செய்யலாம்.